கூட்டத்தோடு கொடுப்பதா, தனியாகப் போய்க் கொடுப்பதா?

சமூக மன்றத்தில் ரத்ததான முகாம் என்றால் பெரும்பாலும் யாராவது இழுத்துக்கொண்டுதான் போவார்கள். "வா தம்பி, நானும்தான் கொடுக்கிறேன்" என்று தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னாலே ஊசிப் பயம் பாதி போய்விடும். முதல்முறை கொடுப்பவருக்கு இதுவே சரி.

சிங்கப்பூரின் தோபி காட், உட்லண்ட்ஸ் ரத்த வங்கிகளுக்குத் தனியாகப் போகிறவர் கதை வேறு. காசு இரண்டிலும் கிடையாது. இங்கே கைதட்டவும் ஆளில்லை. ஆனால் சிவப்பணுக்களைச் சுமார் 42 நாள்தான் வைத்திருக்க முடியும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களோ சில நாள்தான் தாங்கும். ஒரே நாளில் கூட்டமாகக் கொடுத்துவிட்டு ஆண்டு முழுக்க மறந்துபோனால் மருத்துவமனைகளுக்கு எப்படிப் போதும்? 12 வாரத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் வருபவர்தான் கையிருப்பைக் காப்பாற்றுகிறார். என் ஓட்டு அவருக்குத்தான், அவரையும் முதலில் யாரோ முகாமுக்கு இழுத்துப் போயிருப்பார்கள் என்றாலும்.