வீட்டு மாடிக்கும் மில் கூரைக்கும் ஒரே சாஃப்ட்வேர் போதுமா? சோலார் டிசைன் கருவிகள் - ஓர் ஒப்பீடு

சோலார் இன்ஸ்டாலேஷன் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த டிசைன் சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எடுக்கப்போகும் அறிக்கையை யார் படிப்பார்கள்?

மாடியில் 3 கிலோவாட் போடுகிற வீட்டுக்காரர் ரூபாயைப் பார்ப்பார். மில் கூரைக்குக் கடன் கொடுக்கும் வங்கி யூனிட்டைப் பார்க்கும், அதுவும் வெயில் குறைந்த வருஷத்து யூனிட்டை. மின்வாரியப் பொறியாளருக்கு சிங்கிள் லைன் டயக்ராம், அதாவது மின் இணைப்புகளை ஒற்றைக் கோடுகளில் காட்டும் படம், வேண்டும். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் அடிக்கிற வெல்டருக்கு அடி அங்குலக் கணக்கு வேண்டும். இந்த நாலு பேருக்கும் ஒரே மென்பொருள் பதில் சொல்லாது. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் பணம் மிச்சமாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் வேலை செய்கிற நிறுவனத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

நம் ஆட்கள் பேச்சில் அடிபடும் பெயர்கள் இவை. ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாவில் பிறந்த பிவிசிஸ்ட். சான் பிரான்சிஸ்கோவின் அரோரா. அதே ஊரில் தொடங்கி 2021இல் அரோராவோடு சேர்ந்த ஹீலியோஸ்கோப். ஆஸ்திரேலியாவில் வேர் கொண்ட, இன்ஸ்டாலர்களுக்கு இலவசமான ஓப்பன்சோலார். பெர்லினில் இருந்து வரும் பிவி சோல். இந்தியாவிலேயே உருவான ஆர்கா 360. இது முன்பு தி சோலார் லேப்ஸ் என்ற பெயரில் இருந்தது. இவை எதுவும் இல்லாமல் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்ற பொதுவான வரைபடக் கருவிகள், எக்செல் மூன்றையும் வைத்து நன்றாகத் தொழில் நடத்துகிறவர்களும் நிறையப் பேர். அவர்களைக் குறைவாக எண்ண வேண்டாம்.

நிழல்

எல்லா விளம்பரத்திலும் நிழல் கணக்குதான் முன்னால் நிற்கும். மதுரையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் நாங்கள் 3 கிலோவாட் போட்டோம். 540 வாட் பேனல் ஆறு, எல்லாம் தொடராக இணைத்த ஒரே ஸ்ட்ரிங். செயற்கைக்கோள் படத்தில் கூரையை வரைந்து, பேனலை அடுக்கி, அழகான 3டி படத்தோடு கொட்டேஷன் கொடுத்திருந்தோம். டிசம்பரில் போன் வந்தது. "தம்பி, காலையில நல்லா ஓடுது. மூணு மணி ஆனா படுத்துடுது."

மாடிக்குப் போனதும் காரணம் தெரிந்துவிட்டது. மாடிப்படி அறை, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, இரண்டும் கன்னிமூலையில். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான், தென்மேற்கு மூலையில் உயரம். நம் அட்சரேகையில் டிசம்பர் மாதம் பிற்பகல் 3 மணிக்குச் சூரியனும் தென்மேற்கில்தான் நிற்கும், அடிவானத்திலிருந்து சுமார் 37 டிகிரி உயரத்தில். 10 அடி உயரமுள்ள எதுவும் அந்த நேரத்தில் சுமார் 13 அடிக்கு நிழல் தள்ளும். அந்த நிழல் வடகிழக்கே, மாடியின் நடுவில், பேனல் இருக்கிற இடத்துக்கே வரும். ஜூனில் போய்ப் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அப்போது சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது.

பிழை எங்கே? மென்பொருளில் தொட்டி இருந்தது. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் எப்படித் தெரியும்? அதில் தானாக வந்து உட்கார்ந்த உயரத்தை நாங்கள் மாற்றவில்லை. அரோரா போன்றவை அமெரிக்காவில் பேர் வாங்கியதற்கு ஒரு காரணம், அங்கே பல ஊர்களுக்கு லைடார் என்ற லேசர் அளவீடு இருக்கிறது. மரம், சிம்னி, கூரைச் சரிவு எல்லாவற்றின் உயரமும் தானாக வந்துவிடும், யாரும் ஏணி ஏற வேண்டியதில்லை. மதுரைத் தெருவுக்கோ தஞ்சாவூர் அக்ரஹாரத்துக்கோ அதை நம்பி வேலையில் இறங்க முடியாது. அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் விலை வைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டு வேலை மட்டும் செய்கிற நம் ஊர் இன்ஸ்டாலர் அரோராவுக்கு டாலர் கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை. மென்பொருள் மோசம் என்று சொல்லவில்லை. அதன் பலம் நமக்கு எட்டாது, அவ்வளவுதான்.

உயரத்தை நாமே டேப் வைத்து அளந்து கொடுத்துவிட்டால், அதன் பிறகு கருவிகளுக்குள் வித்தியாசம் குறைவு. ஓப்பன்சோலார், ஹீலியோஸ்கோப், ஆர்கா எல்லாவற்றிலும் தொட்டியை நிறுத்தி நிழலைக் கணக்கிடலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பிடித்தது பிவி சோல். ஒவ்வொரு பேனலின் மேலும் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் நிழல் என்று எண் போட்டுக் காட்டும். அதை வீட்டுக்காரரிடம் காட்டி, "சார், இந்த ரெண்டு பேனலை இந்தப் பக்கம் தள்ளினால் போதும்" என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்கிறார். ஆனால் அது கணினியில் நிறுவ வேண்டிய விண்டோஸ் மென்பொருள். சைட்டில் நின்று போனில் திறந்து திருத்துகிற வேலைக்கு ஆகாது.

ஆசிரியர் வீட்டில் கடைசியில் சட்டத்தை 8 அடி உயர்த்தினோம். கீழே துணி காயப்போட இடம் கிடைத்தது, அவருக்கு அதில் சந்தோஷம். செலவு எங்களுடையது.

கரண்ட் பில் கணக்கு

வெளிநாட்டுக் கருவிகளை நம் வீடுகளுக்கு அப்படியே பயன்படுத்துவதில் பெரிய சிக்கல் நிழலில் இல்லை, ரூபாயில்தான். அமெரிக்க, ஆஸ்திரேலிய வாடிக்கையாளரின் மாத அல்லது காலாண்டு பில்லை மனதில் வைத்து அவை வளர்ந்தன. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2016இல் வந்த 100 யூனிட் இலவசம் இருக்கிறது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு.

இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓட்டுகிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிலோவாட் பேனல், நாம் வழக்கமாகச் சொல்கிற கணக்குப்படி கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்றால், இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டைக் கழித்துக் காட்டும் நெட் மீட்டரில் மீதி 280. குறைந்த அந்த 720 யூனிட்டும் விலை அதிகமான மேல்படி யூனிட்கள். அதோடு வீடு 500க்குக் கீழே இறங்கிவிடுவதால், மிச்சமுள்ள 280க்கும் விலை குறைகிறது. "சராசரி யூனிட் விலை" என்ற ஒரே பெட்டியில் எண்ணைப் போட்டு 720ஆல் பெருக்குகிற கருவி, உண்மையான மிச்சத்தைவிடக் குறைவாகக் காட்டும். நமக்கு வர வேண்டிய ஆர்டர் அங்கே கைநழுவுகிறது.

இதையே 300 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்குப் பாருங்கள். அந்த 300இல் 100 ஏற்கெனவே இலவசம். அதற்கும் ஒரு விலை போட்டு "இவ்வளவு மிச்சம்" என்று காட்டினால், அது நடக்காத வாக்குறுதி. ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்காரர் பில்லை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்போது நம்மிடம் பதில் இருக்காது. சின்ன ஊரில் அந்த ஒரு பேச்சு பத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஓப்பன்சோலாரில் கட்டணப் படிகளை நாமே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும், கட்டணம் மாறும்போதெல்லாம் திருத்தவும் வேண்டும், ஆனால் அந்த உழைப்பு வீண்போகாது. ஆர்காவின் சந்தை இந்தியா என்பதால் இந்த இடத்தில் அதற்குச் சாதகம் உண்டு. டெமோ காட்ட வருகிறவரிடம் 3டி படத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, மேலே சொன்ன 1,000 யூனிட் வீட்டையும் 300 யூனிட் வீட்டையும் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேப்பரில் நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போனால் மேற்கொண்டு பேசலாம்.

மானியத்திலும் இதே கவனம் வேண்டும். பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். இந்தப் பணம் வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பல கொட்டேஷன் வார்ப்புகள் (டெம்ப்ளேட்) மானியத்தைத் தொடக்கத்திலேயே கழித்து, சின்னத் தொகையைப் பெரிய எழுத்தில் காட்டுகின்றன. படிப்பவர் அந்தத் தொகையைத்தான் கையில் எடுத்து வைக்கிறார். முழு விலை முதல் வரியில் வருமாறு வார்ப்பை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

வங்கி மேஜையில்

இங்கே போட்டி என்று பெரிதாக இல்லை. திருப்பூர், கோவைப் பக்கம் மில் கூரைக்கு 500 கிலோவாட் என்று கடன் கேட்டுப் போனால், வங்கியின் ஆலோசகர் கேட்பது "பிவிசிஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?" என்பதுதான். சூரியனிலிருந்து மீட்டர் வரை எங்கெங்கே எத்தனை சதவீதம் போகிறது என்று அம்புக்குறிப் படமாகக் காட்டும் அதன் இழப்பு வரைபடம் அவர்களுக்குப் பழகிவிட்டது. பி50, பி90 கணக்கும் அதிலேயே வரும். பி50 என்பது பத்தில் ஐந்து வருஷம், பி90 என்பது பத்தில் ஒன்பது வருஷம் குறையாமல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் உற்பத்தி. கடன் தவணை கட்ட முடியுமா என்பதை வங்கி இதை வைத்துத்தான் பார்க்கிறது.

ஹீலியோஸ்கோப்பும் பேனல் பேனலாக, வயர் வரைக்கும் கணக்கிடுகிறது. பெரிய கூரையில் பேனலை அடுக்க அதுதான் வேகம். பிரவுசரில் ஓடும், ஆட்டோகேட் கோப்பாக வெளியே எடுக்கலாம். பிவிசிஸ்டின் 3டி பக்கத்தில் அரை நாள் போகிற வேலை அதில் அரை மணியில் முடியும். எனவே அடுக்குவதை ஹீலியோஸ்கோப்பிலும், இறுதி அறிக்கையைப் பிவிசிஸ்டிலும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு நாலைந்து மில் பார்ப்பவர்களுக்கு அது சரிப்படும்.

பிவிசிஸ்டில் ஒரு எண்ணை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். பேனல் எவ்வளவு சூடாகும் என்பதைத் தீர்மானிக்கும் வெப்ப இழப்புக் காரணி. சுற்றிலும் காற்று ஓடும் திறந்த சட்டத்துக்கு 29 என்று இருக்கும். மில் தகரக் கூரையில் கைப்பிடி இடைவெளி விட்டுப் படுக்கவைக்கும் பேனலுக்கு அது பொருந்தாது; 20 போடுவதுதான் நேர்மை. உச்சி வெயிலில் இந்த இரண்டு எண்களுக்கும் பேனல் சூட்டில் சுமார் 11 டிகிரி வித்தியாசம் வரும், உற்பத்தியில் 3 முதல் 4 சதவீதம். 29ஐ அப்படியே விட்டால் ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஆனால் மே மாதத்தில் மில் முதலாளி கேள்வி கேட்பார்.

ஸ்ட்ரிங் நீளத்துக்கும் இதே மாதிரி ஒரு எண். குளிர்ந்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும். மைனஸ் 10 டிகிரியை அடிப்படையாக வைத்த ஐரோப்பியக் கணக்கை மதுரைக்குப் போட்டால் தேவையில்லாமல் ஸ்ட்ரிங் குட்டையாகும். மதுரை எண்ணை ஊட்டிக்குப் போட்டால், பேனலின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டருக்கே ஆபத்து.

கருவியை மட்டும் நம்பக்கூடாதது

காற்று. மேலே சொன்ன கருவிகளை மட்டும் நம்பி, சட்டம் புயலைத் தாங்கும் என்று முடிவு செய்ய முடியாது. கட்டடங்களின் மீதான சுமைகளுக்கான ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநூல்படி அடிப்படைக் காற்று வேகம் மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் சென்னையில் அது ஏறக்குறைய 1.6 மடங்கு. மதுரையில் நின்ற அதே சட்டத்தை சென்னைக் கடற்கரையோரம் ஈசிஆர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நிறுத்தக்கூடாது. 2016இல் வர்தாவையும் 2018இல் கஜாவையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 8 அடி உயரச் சட்டம் போடுகிறீர்கள் என்றால், மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் கொடுங்கள். வெல்டரிடம் கொடுக்கும் படத்துக்கு ஸ்கெட்ச்அப்பே போதும், அளவு தெளிவாக இருந்தால் சரி.

நான் வாங்குவதாக இருந்தால்

மாதம் பத்துப் பதினைந்து வீடுகள் மட்டும் என்றால் ஓப்பன்சோலாரில் தொடங்குவேன். உபகரண நிறுவனங்கள், கடன் நிறுவனங்கள் மூலமாக அவர்களுக்கு வருமானம் வருகிறது என்பதை நினைவில் வைத்து, திரையில் முன்னால் வரும் பிராண்டையே எடுக்காமல் நமக்கு வேண்டியதை எடுக்க வேண்டும். நாலைந்து விற்பனை ஆட்கள் சேர்ந்து, ஒரே மாதிரிக் கொட்டேஷன் போக வேண்டும் என்ற நிலை வந்தால் ஆர்காவை டெமோ கேட்பேன். மில் வேலை வந்த பிறகுதான் பிவிசிஸ்ட் லைசென்ஸ். அது ஆண்டுச் சந்தா, சில நூறு ஸ்விஸ் பிராங்க் ஆகும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்தான் என்றால், ரிப்போர்ட்டை மட்டும் வெளியே கொடுத்து எடுப்பது மலிவு. வீட்டு வாடிக்கையாளரிடம் பிவிசிஸ்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்துப் பயனில்லை. முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

எதற்கும் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் பழைய சைட் ஒன்றை எடுத்து, அதே அளவுகளை ஒவ்வொரு கருவியிலும் போட்டு, இன்வெர்ட்டர் ஆப்பில் உள்ள மாத யூனிட்டோடு மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிவிசிஸ்டுக்கு 30 நாள் இலவச அனுமதி உண்டு, இதற்கு அது தாராளம். வருஷ மொத்தம் ஒத்துப்போவது பெரிதல்ல. நவம்பரும் டிசம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், மழை, சாய்ந்த வெயில், கன்னிமூலை நிழல் மூன்றும் அங்கேதான் தெரியும். ஒப்பிடும்போது கரண்ட் போன நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். லைன் போனால், மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், உங்கள் தெருவில் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் அப்படிப் போகிறது என்பது எந்த மென்பொருளுக்கும் தானாகத் தெரியாது.