ஆறு வருடம், ஒரே டாஷ்போர்டு: காதுக்கு எழுதியபோது பிடிபட்டவை

ஆறு வருடமாக ஒரே டாஷ்போர்டை, அதாவது எண்களைச் சார்ட்டுகளாகக் காட்டும் திரையை, பராமரித்து வருகிறேன். எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, தீர எத்தனை நாள் ஆனது, அவ்வளவுதான் அதன் வேலை. முதல் வருடம் அதில் 14 சார்ட் இருந்தது. இப்போது ஐந்து. நடுவில் எது நிலைத்தது, எது சொதப்பியது என்று எழுதிவைக்கிறேன். எந்த மென்பொருளில் செய்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். இந்தச் சிக்கல்கள் எல்லாக் கருவியிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

எல்லாம் ஒரு சங்கடத்தில்தான் தொடங்கியது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒருவருக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு மின்னஞ்சல் முதல் விரிதாள் வரை எங்களைவிட வேகமாக ஓட்டுவார். என் டாஷ்போர்டைத் திறந்தவர், சற்று நேரத்தில் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, "சார், இது 'சார்ட், சார்ட்'னு பதினாலு தடவை சொல்லுது. உள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார். மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் விளக்கம், எழுதினால் தீர்ந்தது என்று அன்று மாலையே உட்கார்ந்தேன். முதல் சார்ட்டுக்கு "மாதவாரிப் புகார்களின் பட்டை வரைபடம்" என்று எழுதினேன். மறுநாள் சிரித்தார். "அது பட்டைன்னு தெரிஞ்சு நான் என்ன சார் பண்ணப்போறேன்? அது என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாதிக்கு மேற்பட்ட சார்ட்டுகள் எதையுமே சொல்லவில்லை. சில சொல்லின, ஆனால் அதை வாக்கியமாக எழுதிப் பார்த்தால் பொய்யாக இருந்தது.

ஒன்றைக் காட்டுகிறேன். குறித்த காலத்துக்குள் தீர்ந்த புகார்களின் சதவீதம், இரண்டு காலாண்டுக்கு இரண்டு பட்டை. முதலாவது இரண்டாவதன் பாதியைக் கொஞ்சம் தாண்டும் அளவுக்குத்தான் இருந்தது. "பெரிய முன்னேற்றம்" என்று எழுதக் கை போனது. எண்ணைப் பார்த்தால் 94, 97. செங்குத்து அச்சை 90-இலிருந்து தொடங்கியது நானில்லை, மென்பொருள் தானாகச் செய்த வேலை. மதிப்புகள் நெருக்கமாக இருந்தால் சில விரிதாள் செயலிகள் இப்படித்தான் அடியை வெட்டிவிடும். 90-ஐக் கழித்தால் மிச்சம் 4, 7. ஆகவே கண்ணுக்குத் தெரிந்தது 1.75 மடங்கு, உண்மையில் 1.03 மடங்கு. பட்டையில் நாம் நீளத்தைத்தான் படிக்கிறோம், அதனால் அது பூஜ்ஜியத்தில் தொடங்கியே ஆகவேண்டும். கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயமில்லை, அங்கே கண் பார்ப்பது இடத்தையும் சரிவையும். இதைத் தெரியாமல் நான் ஒரு வருடம் கோடுகளையும் பூஜ்ஜியத்துக்கு இழுத்து, எல்லாவற்றையும் தட்டையாக்கி வைத்திருந்தேன். அதுவும் தப்புதான், எதிர்ப்பக்கத் தப்பு.

வட்ட வரைபடங்களை எடுத்துவிட்டதும் இந்த வழியில்தான். 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் செய்த சோதனைகள் பிரபலமானவை. ஒரே அளவுகோலில் அமைந்த இடத்தை மனிதர்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள், நீளம் அடுத்து, கோணமும் பரப்பும் அதற்கும் பின்னால். எனக்குச் சோதனைகூடத் தேவைப்படவில்லை. 23 சதவீதத் துண்டையும் 26 சதவீதத் துண்டையும் பார்த்து எது பெரியது என்று எழுத, நானே எண்ணைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய வில்லன் சராசரி. "ஒரு புகார் தீர சராசரியாக 10 நாள்" என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். பத்துப் புகாரில் ஒன்பது 2 நாளில் தீர்ந்து, ஒன்று மட்டும் 82 நாள் இழுத்தால் சராசரி 10 வரும். பத்து நாள் காத்திருந்தவர் ஒருவர்கூட அதில் கிடையாது. சரி, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணுக்கு மாறுவோம் என்று மாறினேன். அப்போது 82 நாள் காத்த அந்த ஒருவர் மொத்தமாகக் காணாமல் போனார். இப்போது இரண்டு எண் போடுகிறேன்: பாதிப் பேருக்கு எத்தனை நாளுக்குள் தீர்ந்தது, பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள் தீர்ந்தது. அந்தக் கடைசி ஒருவரையும் மறைக்காமலிருக்க, மிகப் பழைய புகாரின் வயது தனியாக.

இதிலும் ஓர் ஓட்டை இருந்ததைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது. தீர எடுத்த நாள் என்பது தீர்ந்த புகாருக்கு மட்டுமே உண்டு. தீராத புகாருக்கு அந்த எண்ணே இல்லை, அதனால் கணக்கிலும் இல்லை. ஒரு மாதம் குழு வரிந்துகட்டிக்கொண்டு பழைய பாக்கிகளையெல்லாம் முடித்தது. அந்த மாதம் டாஷ்போர்டு சிவந்துபோனது: "தீரும் காலம் மூன்று மடங்கு". அதற்கு முன்னால், பழையதைத் தொடாமல் புதிதை மட்டும் தட்டிவிட்டுக்கொண்டிருந்த மாதங்களில் எல்லாம் பச்சை. அதாவது நான் வேலையைத் தண்டித்து, ஒத்திப்போடுவதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு எண்ணும் தவறில்லை, கூட்டலும் வகுத்தலும் சரி. அந்த ஐந்து சார்ட்டில் ஒன்று இப்போது திறந்திருக்கும் புகார்களின் வயதுக்காகவே இருக்கிறது. எதை எண்ணவில்லை என்பதை அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

மாற்று உரைக்குத் திரும்புகிறேன். எல்லாவற்றுக்கும் நல்ல வாக்கியமாக எழுதி முடித்து, பெருமையாகத்தான் இருந்தேன். அடுத்த மாதம் டேட்டா புதுப்பிக்கப்பட்டது. சார்ட் மாறியது, வாக்கியம் மாறவில்லை. எண் இறங்கியிருக்க, அவர் காதில் மட்டும் "உயர்ந்துள்ளது" என்று ஓடிக்கொண்டிருந்தது. மாற்று உரையே இல்லாதபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது பொய் தெரிந்தது. எது மோசம் என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆகவே வாக்கியத்தையும் சூத்திரமாக எழுத வேண்டியதாயிற்று. இதற்கு வசதியுள்ள கருவிகள் உண்டு. எழுதத் தொடங்கியதும் அடுத்த கேள்வி: 60 புகார் 63 ஆனால் "உயர்ந்தது" என்று சொல்லலாமா? 61 ஆனால்? மனிதனாக எழுதும்போது மழுப்பலாம், சூத்திரத்தில் மழுப்ப முடியாது. கடைசியில் கைகொடுத்தது, வால்டர் ஷூஹார்ட் 1924-இல் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காக முன்வைத்த வரைபடத்தின் எளிய வடிவம். அடுத்தடுத்த மாதங்களுக்கிடையே உள்ள வித்தியாசங்களின் சராசரியை 2.66-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் வைத்தால், வழக்கமான ஏற்ற இறக்கத்தின் எல்லை கிடைக்கும். சராசரி 60, மாதத்துக்கு மாதம் சராசரி வித்தியாசம் 5 என்றால், சுமார் 47-இலிருந்து 73 வரை சும்மா ஆட்டம். 63 என்பது செய்தியே இல்லை. இப்போது அவருக்கு ஒலிப்பது: "மார்ச்சில் 63, பிப்ரவரியில் 60. வழக்கமான எல்லைக்குள்." இந்த வாக்கியம் அவருக்கு மட்டும் ஏன் என்று தோன்றியது, அதையே சார்ட்டின் தலைப்பாக்கினேன். 60-க்கும் 63-க்கும் நடுவே காரணம் தேடி அரை மணி நேரம் ஓடும் கூட்டங்கள் அதோடு குறைந்தன.

ஒரு சின்ன எரிச்சல்: என் கருவியில் மாற்று உரைக்கு 250 எழுத்து எல்லை. கொம்பு, கால், மெய்ப்புள்ளி எல்லாவற்றையும் கணினி தனித்தனியாக எண்ணும். "புள்ளி" நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு. தமிழில் எழுதினால் சீக்கிரமே இடம் தீர்ந்துவிடும். சுருக்கி எழுதப் பழகிவிட்டேன். விவரம் வேண்டுபவருக்குச் சார்ட்டுக்குக் கீழே அட்டவணை உண்டு. முதல் வரிசை தலைப்பாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், இணைத்த கட்டங்கள் கூடாது. இணைத்த கட்டத்தில் ஸ்கிரீன் ரீடர் எந்த எண் எந்தத் தலைப்புக்குரியது என்று குழப்பிவிடும்.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லோரும் எழுதுகிறார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12-இல் ஒருவருக்குச் சிவப்பு பச்சை பிரித்தறிவதில் சிக்கல் உண்டு என்பது பரவலாகத் தெரிந்த கணக்கு. எங்கள் மேலாளரும் அப்படிப்பட்டவர் என்று நான்காம் வருடம்தான் தெரிந்தது. அதுவரை தாமதமா இல்லையா என்று காட்டும் என் சிவப்புப் பச்சை வட்டங்களைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார், பாவம். இப்போது வட்டத்துக்குப் பதில் "தாமதம்", "நேரத்தில்" என்று சொல்லாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று: நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றது என்று பெயர்பெற்ற ஒகாபே-இட்டோ வண்ணத் தொகுப்பை அப்படியே எடுத்துப் போட்டு ஏமாந்தேன். எட்டு நிறத்தில் ஒரு மஞ்சள் உண்டு. வெள்ளைத் திரையில் மெல்லிய கோடாகப் போட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. நிறங்களைப் பிரித்தறிவது வேறு, பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிவது வேறு. இரண்டாவதற்கு வலை அணுகல் வழிகாட்டுதல்களில் அளவு உண்டு, பின்னணியோடு ஒப்பிட்ட ஒளிர்வு வேறுபாட்டின் விகிதம்: சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கும் சார்ட்டின் முக்கிய உறுப்புகளுக்கும் 3-க்கு 1. வெள்ளையில் சாம்பல் எழுத்து என்றால் 767676 என்ற நிறக் குறியீட்டு எண்ணுடைய சாம்பல்தான் வாசல்படி, அதைவிட வெளிறினால் தேறாது. என் அடிக்குறிப்புகள் எல்லாம் அதைவிட வெளிறித்தான் இருந்தன. எச்சரிக்கைகளைத்தான் நாம் எப்போதும் சின்னதாக, வெளிறலாகப் போடுகிறோம், கவனித்திருக்கிறீர்களா?

அடிக்குறிப்பால் வந்த இன்னொரு வினை. நடப்பு மாதம் முடியாதபோது கடைசிப் பட்டை குட்டையாக இருக்கும். "இந்த மாதம் முழுமையடையவில்லை" என்று பக்கத்தின் அடியில் எழுதித்தான் வைத்திருந்தேன். யாரோ சார்ட்டை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்லைடில் ஒட்டி, "புகார்கள் பாதியாகக் குறைந்தன" என்று கூட்டத்தில் காட்டிவிட்டார். தேதி ஒன்பது அன்று. அவர்மேல் கோபம் வரவில்லை, படம் அதைத்தான் சொன்னது. அப்புறம் முடியாத மாதத்தின் பட்டையை உள்ளீடற்ற கட்டமாக்கி, "9-ஆம் தேதி வரை" என்று அதன்மேலேயே எழுதிவிட்டேன். டேட்டா கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளும் சார்ட்டின் எல்லைக்குள்தான் இருக்கிறது. எப்படி வெட்டினாலும் கூடவே வரும். மவுஸை மேலே வைத்தால் மட்டும் தெரியும் விளக்கங்களையும் அப்படியே வெளியே கொண்டுவந்தேன். கீபோர்டில் வேலை செய்பவருக்கும் தொடுதிரைக்காரருக்கும் அவை எட்டவே இல்லை.

குறைகள் இல்லாமலில்லை. பக்கம் பார்க்க டல்லாக இருக்கிறது என்று இன்றுவரை சொல்கிறார்கள், உண்மைதான். புதிய சார்ட் ஒன்று சேர்க்க முன்பு ஒரு மணி நேரம், இப்போது ஒரு நாள். பழைய புகார்களின் வயதை வெளியே வைத்த முதல் மாதம் பல முகங்கள் சுருங்கின. ஃபில்டர்களை டேப் விசையில் கடக்கும் வரிசை இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஒவ்வொரு முறை ஏதாவது சேர்க்கும்போதும் குலைந்துவிடுகிறது.

அப்புறம் அந்த வரைபடம். பகுதிவாரியாகப் புகார்களைக் காட்டும் மேப் ஒன்று முகப்பில் இருக்கிறது. ஆட்கள் அதிகமுள்ள பகுதியில் புகார் அதிகம், வேறொன்றும் அதில் இல்லை. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று மாற்றிப் பார்த்தேன், எல்லாப் பகுதியும் ஒரே நிறமானது. எடுத்துவிடலாம் என்றால் மேலிடத்துக்கு அது பிடிக்கும், விருந்தினர் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். மாற்று உரை எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தேன். கருவியில் "அலங்காரப் படம்" என்று ஒரு குறி உண்டு, அதைப் போட்டால் ஸ்கிரீன் ரீடர் அந்தப் படத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். அதைப் போட்டுவிட்டேன். "சார், முதல் பக்கம் இப்ப சீக்கிரமா முடிஞ்சிடுதே" என்றார் அவர். மேப் இன்னும் முகப்பில்தான் இருக்கிறது.