சிஸ்கோ ஐஓஎஸ்-இல் ஓஎஸ்பிஎஃப் ஃபிளடிங் கட்டளைகள்: எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

ஓஎஸ்பிஎஃப் என்பது ரூட்டர்கள் வழிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை. தன் லிங்குகளின் நிலையைச் சொல்ல ஒரு ரூட்டர் கிளப்பும் அறிவிப்பு எல்எஸ்ஏ, அதை மற்ற ரூட்டர்களுக்கெல்லாம் பரப்புவது ஃபிளடிங். எல்எஸ்ஏ எப்படி ஃபிளட் ஆக வேண்டும் என்பதை மாற்ற, சிஸ்கோ ரூட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ் ஏழெட்டுக் கட்டளைகள் தருகிறது. அவற்றில் அன்றாடம் பயன்படுவது த்ராட்டில் (எல்எஸ்ஏ கிளப்பும் வேகத்துக்குக் கட்டுப்பாடு), அரைவல் (வாங்கும் வேகத்துக்குக் கட்டுப்பாடு) என்ற ஜோடி மட்டும்தான். டேட்டாபேஸ்-ஃபில்டர் சரியான இடத்தில் போட்டால் அருமையான கருவி, இடம் மாறினால் வினை. பேசிங் டைமர்கள் (அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு இடையே விடும் இடைவெளி) பக்கம் போகாமலே பல வருடம் ஓட்டிவிடலாம்.

முதலில் த்ராட்டில். புதிய ஐஓஎஸ் எக்ஸ்இ-யில் (ஐஓஎஸ்-இன் பிந்தைய வடிவம்) இயல்பு மதிப்பு 50, 200, 5000 மில்லிவிநாடி. லிங்க் முதல்முறை விழுந்ததும் 50 மி.வி. காத்திருந்து எல்எஸ்ஏ கிளம்பும். அதே லிங்க் மறுபடி விழுந்து எழுந்து ஆடினால் அடுத்தது 200 கழித்து, பிறகு 400, 800 என்று இரட்டித்துக்கொண்டே போய் 5000-இல் நிற்கும். ஆடிக்கொண்டிருக்கும் லிங்க் ஒன்று ஏரியா (ஒரே வரைபடத்தைப் பகிரும் ரூட்டர் கூட்டம்) முழுவதையும் எஸ்பிஎஃப் (குறுகிய பாதை) கணக்குப் போடவைக்காமல் இது தடுக்கிறது. நல்ல வடிவமைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

வம்பு பக்கத்து ரூட்டரில் இருக்கிறது. ஒரே எல்எஸ்ஏ-வின் புதிய பிரதி, முந்தையது பதிவாகிக் குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்தால் வாங்குபவர் அதைத் தூக்கி எறிவார், அக்னாலெட்ஜ்மென்ட்டும் அனுப்ப மாட்டார். ஓஎஸ்பிஎஃப்-இன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2328-இன் விதி அது. அந்த நேரம்தான் அரைவல் டைமர். புதிய எக்ஸ்இ-யில் 100 மி.வி., பழைய ஐஓஎஸ்-இலும் எஃப்ஆர்ஆர்-இலும் (திறந்த மூல ரூட்டிங் மென்பொருள்) இயல்பாக 1000. ஆக எக்ஸ்இ ரூட்டர் 200 மி.வி. இடைவெளியில் அனுப்பும் இரண்டாவது எல்எஸ்ஏ, அந்தப் பக்கம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகிறது. அனுப்பியவர் ரீட்ரான்ஸ்மிட் இடைவெளியான 5 விநாடி காத்திருந்து மறுபடி அனுப்புவார். கால் விநாடியில் முடிய வேண்டிய வேலை ஐந்து விநாடிக்கு இழுக்கும். லாகில் ஒரு வரிகூட வராது.

கண்டுபிடிக்க, 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் டீடெய்ல்' போட்டு ரீட்ரான்ஸ்மிஷன் எண்ணிக்கையைப் பாருங்கள். லிங்க் ஆடும்போதெல்லாம் அது ஏறினால் சந்தேகம் இதன்மேல்தான். சரிசெய்ய, பழைய ஐஓஎஸ் பெட்டியில் 'டைமர்ஸ் எல்எஸ்ஏ அரைவல் 100', எஃப்ஆர்ஆர்-இல் 'டைமர்ஸ் எல்எஸ்ஏ மின்-அரைவல் 100'. கணக்கு எளிது: வாங்குபவரின் அரைவல், அனுப்புபவரின் த்ராட்டிலில் உள்ள நடு எண்ணை (மேலே 200) தாண்டக்கூடாது. எல்லா ரூட்டரிலும் அரைவலை முதலில் இறக்கிவிட்டு, அதன்பிறகு த்ராட்டிலைத் தொடுங்கள். வரிசை மாறினால் இடைப்பட்ட நேரத்தில் இதே தொல்லை.

அடுத்து 'ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ்-ஃபில்டர் ஆல் அவுட்'. இன்டர்ஃபேஸில் போட்டால் அந்த வழியே எல்எஸ்ஏ எதுவும் வெளியே போகாது. ஹலோ ('உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி) போகும், நெய்பர் ஃபுல் (முழு இணைப்பு) நிலையிலேயே நிற்பார். ஃபுல் என்று பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இது கைகொடுக்கும் இடம் இரண்டு. ஒன்று, 10 ரூட்டர் ஃபுல் மெஷ் (ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேரடி இணைப்பு). ஒருவர் ஒரு எல்எஸ்ஏ கிளப்பினால் 9 பேருக்குப் போகும், அந்த 9 பேரும் தலா 8 பேருக்கு அனுப்புவார்கள். அதிகபட்சம் 81 பிரதி, தேவையோ ஒன்பதுதான். சில லிங்குகளில் ஃபில்டர் போட்டால் எல்எஸ்ஏ வேறு வழியாகச் சுற்றி வரும், டேட்டா மட்டும் அந்த லிங்கிலேயே போகும். ஒவ்வொரு ரூட்டருக்கும் ஃபில்டர் இல்லாத பாதை குறைந்தது இரண்டு மிச்சம் வையுங்கள். ஒன்றே இருந்து அது அறுந்தால், ரூட்டர் பழைய வரைபடத்தை நம்பிப் பாக்கெட்டைக் குழியில் தள்ளும்.

இரண்டு, ஹப்-அண்ட்-ஸ்போக் (மையமான ஹப் ஒன்று, அதோடு இணைந்த கிளைகள் பல). கிளைக்கு ஸ்டாட்டிக் டிஃபால்ட் ரூட் (எல்லாவற்றையும் ஹப்புக்கே அனுப்பு என்று கையால் எழுதும் வழி) போட்டுவிட்டு, ஹப்பின் பக்கம் ஃபில்டர் வையுங்கள். கிளையின் ரூட்டுகள் ஹப்புக்கு வரும், ஊர் முழுக்க உள்ள ரூட்டுகள் கிளைக்குப் போகாது. தவறிக் கிளையின் பக்கம் போட்டால் தலைகீழாகிவிடும்: கிளைக்கு எல்லாம் தெரியும், கிளையைத்தான் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, ஏற்கனவே போய்ச் சேர்ந்த எல்எஸ்ஏ-க்கள் வயது 3600 விநாடி ஆகும்வரை அங்கேயே கிடக்கும். கட்டளை போட்ட ஐந்தாவது நிமிடம் சோதித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள்.

என் குறை, 'ஆல்' தவிர வேறு தேர்வே இல்லை என்பது. டைப் 5 (ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வந்த ரூட்டுகளைச் சொல்லும் எல்எஸ்ஏ) மட்டும் நிறுத்து என்று சொல்ல முடியாது. அதற்கு, டைப் 5 நுழையாத ஸ்டப் ஏரியாதான் வழி.

'ஐபி ஓஎஸ்பிஎஃப் ஃபிளட்-ரிடக்ஷன்' வேறு ரகம். 1800 விநாடிக்கு ஒருமுறை நடக்கும் ரிஃப்ரெஷை (அதே எல்எஸ்ஏ-வை மறுபடி கிளப்புவதை) நிறுத்த, எல்எஸ்ஏ-வில் டூநாட்ஏஜ் ('வயதாக்காதே') பிட்டை வைக்கிறது. டேட்டாபேஸ் பட்டியலில் வயதுக்குப் பக்கத்தில் டிஎன்ஏ என்று தெரியும். ஏரியாவில் இதை ஆதரிக்காத ரூட்டர் ஒன்று இருந்தாலும் பலிக்காது. இன்றைய சிபியு வேகத்துக்கு இதன் லாபம் சொற்பம். ரிஃப்ரெஷ் என்பது டேட்டாபேஸ் பழுதானால் தானாகச் சரியாகும் காப்பும்கூட, அதை இழப்பது எனக்கு ஒப்பவில்லை.

பேசிங்கைப் பொறுத்தவரை, ஃபிளட் பேசிங் 33 மி.வி. என்பதன் பொருளைக் கணக்கில் பார்க்கலாம். 1500 எம்டியு-வில் (ஒரு பாக்கெட்டின் உச்ச பைட் அளவு), 36 பைட் டைப் 5 எல்எஸ்ஏ 40 அடங்கும். 10,000 ரூட்டை வேறு நெறிமுறையிலிருந்து ஒரே மூச்சில் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தால் 250 பாக்கெட், எட்டு விநாடிக்குச் சற்று மேல். இதைக் குறைக்க 5 மி.வி. வரை இறக்கலாம்தான், ஆனால் அந்த வெள்ளத்தை வாங்கும் சின்னப் பெட்டியில் பாக்கெட் விழுந்து, ரீட்ரான்ஸ்மிட்டில் நேரம் இன்னும் போகும். 10,000 ரூட்டை ஓஎஸ்பிஎஃப்-இல் கொட்டாமல் பெரிய ரூட் பட்டியல்களைத் தாங்கும் நெறிமுறையான பிஜிபி-யிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.