வயரா, வைஃபையா: மலையக வீடுகளுக்கு எது பொருந்தும்?

கடையில் கேட்டால் வேகக் கணக்குத்தான் சொல்வார்கள். ரவுட்டர் பெட்டியில் 300 என்றும் 1200 என்றும் பெரிதாக அச்சடித்திருக்கும். ரவுட்டரிலிருந்து கருவிக்கு இழுக்கும் லான் கேபிள், அதாவது வயர் என்றால் 1000. ஆனால் மஸ்கெலியாவிலோ ராகலையிலோ ஒரு தோட்டத்து வீட்டில் 4ஜி ரவுட்டருக்கு அதே வேகக் கணக்கில் 20 எம்பிபிஎஸ் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். வெளியிலிருந்து வரும் பைப் அரை அங்குலம் என்றால், வீட்டுக்குள் இரண்டு அங்குல பைப் போட்டு என்ன ஆகப்போகிறது? அந்த 20ஐ வைஃபையும் தாராளமாகச் சுமக்கும், வயரும் சுமக்கும். நம் பக்கத்தில் இந்தப் போட்டியைத் தீர்மானிப்பது வேகம் அல்ல. சுவர், டவர் இருக்கும் திசை, இடி மின்னல், இந்த மூன்றும்தான்.

அப்படியென்றால் வயருக்கு மவுசு எதற்கு? வைஃபையில் ஒரே அலைவரிசையை எல்லாக் கருவிகளும் முறை வைத்துத்தான் பயன்படுத்த முடியும். ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். தூரத்து அறையில் சிக்னல் குறைவாக உள்ள ஒரு பழைய போன் மெதுவாகப் பேசினால், பக்கத்தில் இருக்கும் நல்ல போனும் சேர்ந்து காத்திருக்கும். வயரில் ஒவ்வொரு கருவிக்கும் சுவிட்ச் (பல லான் வயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) வரை தனிப் பாதை, போகவும் வரவும் ஒரே நேரத்தில். வீடியோ பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, கருவி கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். தெரிவது நேரலையில்தான். 2020இல் பாடசாலைகள் மூடி ஸூம் வகுப்பு நடந்த காலத்தில் பிள்ளைகள் பட்ட பாடு ஞாபகம் இருக்கும்: படம் நின்றுவிடும், சேரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதில் பெரும்பகுதி டவர் பக்கத்துக் கோளாறு. ஆனால் வீட்டுக்குள் பலவீனமான வைஃபையும் தன் பங்கைச் செய்தது.

சரி, சுவருக்கு வருவோம். பழைய லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கருங்கல் சுவர், தலைக்கு மேல் தகரம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் எந்த மலிவு ரவுட்டரும் போதும், வயர் இழுப்பது வீண் செலவு. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்தாலும் சிக்னல் வரும். பின்னால் தகரம் அடித்து இறக்கிய குசினிக்குப் போனால்தான் சிக்கல், ஏனென்றால் தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கும் வயர் தேவையில்லை. ரவுட்டரை நிலவாசலுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டிய 550 சதுர அடித் தனி வீடுகளிலும் இதே கதைதான். நடு அறையில் ஒரு ரவுட்டர், வேலை முடிந்தது.

வயர் ஜெயிக்கிற இடம் டவுன். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்னால் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தால் மூன்று மாடி என்று நிற்கும் கட்டிடங்கள் இருக்கின்றனவே, அவற்றில் வைஃபை தோற்கும். ஒவ்வொரு தளத்துக்கும் நடுவே கம்பி கட்டிய கொங்கிரீட், பின்பக்கம் மண்ணோடு ஒட்டிய சுவர். முன்கடையில் உள்ள ரவுட்டர் கீழ்த்தளத்துப் படுக்கையறைக்கு எட்டவே எட்டாது. இங்கே பலரும் முதலில் வாங்குவது ரிப்பீட்டர். விலை குறைவு, செருகினால் வேலை செய்யும், போனில் கோடுகள் நிறைந்து தெரியும். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கோடு நிறைய, இணையம் மெதுவாக. அதற்குப் பதில் மாடிப்படி ஓரமாக ஒரே ஒரு கேபிளைக் கீழே இறக்கி, அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைப்பது பல மடங்கு மேல். அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரே போதும். அதில் கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, பிரதான ரவுட்டரின் முகவரியோடு மோதாத முகவரி கொடுத்து, கேபிளை இணையம் உள்ளே வரும் வான் (WAN) துளையில் போடாமல், கருவிகளைச் செருகும் லான் (LAN) துளையில் செருக வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் மேலே உள்ளது போலவே வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும்.

கரண்ட் வயர் வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் கருவிகளும் கிடைக்கின்றன. ஒரே மீட்டருக்குள், ஒழுங்கான வயரிங் உள்ள வீட்டில் பரவாயில்லை. பழைய வயரிங்கில் நம்ப முடியாது.

இனி டவர். இதுதான் மலையகத்துக்கே உரிய விசயம். கொழும்பில் ரவுட்டரை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு டவர் பார்த்துக்கொள்ளும். இங்கே ஒரு மலை மறைத்தால் அத்தோடு சரி. வீட்டில் ஒரு ஜன்னலில் மட்டும் சிக்னல் இருக்கும், நான்கு அடி தள்ளினால் போய்விடும். பலர் டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைப்பதற்கு ஒரே காரணம், பிளக் அங்கே இருப்பது. 4ஜி ரவுட்டர் டவரைப் பார்க்கும் ஜன்னலில் இருக்க வேண்டும், வைஃபை ஆட்கள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு இடமானால் நடுவில் வயர் போடுவதுதான் புத்தி. அதாவது இங்கே வயர் வைஃபைக்குப் போட்டியே இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு போகும் ஆள். ஒரு விசயம்: மூட்டம் இறங்கினால் சிக்னல் போகும் என்று ஊரில் சொல்வார்கள். 4ஜியும் வைஃபையும் ஓடும் அலைவரிசைகளில் மூட்டமும் மழையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஜன்னலுக்கு முன்னால் அடர்த்தியாக நிற்கும் நனைந்த மரம்தான் அலையைக் குடிக்கும். இல்லையென்றால் டவருக்கும் டவருக்கும் நடுவில் ஓடும் மைக்ரோவேவ் இணைப்பைக் கடும் மழை பாதித்திருக்கலாம், டவரில் கரண்டே இல்லாமலும் இருக்கலாம்.

இடி மின்னலில் வயர் தலைகீழாகத் தோற்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவ மழைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், பின்னேரம் இடி கட்டாயம் என்பது போல வரும். செப்புக் கம்பியை வெளியே இழுத்திருந்தால் மின்னல் நேரடியாக அதில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே அந்தக் கம்பியில் பாயும் மின்அழுத்தம் இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைச் சாகடிக்கும். ஆகவே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, லயத்தின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு, கூரை வழியாக லான் கேபிள் இழுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். செலவைப் பங்கு போட ஆசைப்பட்டு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிடம் தாண்ட வேண்டும் என்றால் வைஃபை, அதுவும் போதாவிட்டால் ஃபைபர். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையிலும் ஒரு சிறிய மாற்றிப் பெட்டி வேண்டும், அவ்வளவுதான். திடீர் மின்அழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பிளக் வாங்கி மாட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், வீட்டில் எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்று ஒரு முறை எலக்ட்ரீசியனை வைத்துப் பார்க்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் வெறும் பிளக். இடி கேட்கத் தொடங்கியதும் கரண்ட் பிளக்கோடு லான் வயரையும் கழற்றுவதுதான் மலிவான காப்பு.

பக்கத்து வீட்டாரோடு பகிர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயரில் செருகியவருக்கு மட்டும்தான் இணையம். வைஃபையில் பாஸ்வேர்ட் ஒருவரிடம் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் லயம் முழுக்கப் போகும். மாத டேட்டாவுக்கு அளவு உள்ள பக்கேஜ் என்றால் பத்தாம் தேதியே தீர்ந்துவிடும், போன்கள் தாமாக அப்டேட் இறக்குவது யாருக்கும் தெரியாது. விருந்தினர் வைஃபை என்று ரவுட்டரில் இருக்கும் வசதியைத் திறந்து, அதற்கு வேறு பாஸ்வேர்ட் வைத்து, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பாஸ்வேர்ட் கேட்காமலே இணைத்துவிடும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்துவிடுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வி வந்தால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். லயத்தில் நெருக்கமாகப் பல ரவுட்டர்கள் இருந்தால் வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய சானல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்வு செய்வது நல்லது. இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹேர்ட்ஸ் கல் சுவரைத் தாண்டத் திணறும். ஒரு காம்பராவுக்குள் அது குறையே இல்லை, பக்கத்து வீட்டு ரவுட்டரின் தொந்தரவும் அவ்வளவாக உள்ளே வராது.

வயர்தான் என்று முடிவு செய்தவர்கள் கேட்5இ ரகக் கேபிள் வாங்கினால் போதும், 100 மீற்றர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும். ஆனால் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் முறியும். உட்கூரை வழியாகப் போனால் எலிக்காகக் குழாய் போட்டே ஆக வேண்டும். நுவரெலியா, நானுஓயா ஈரத்தில் பிளக் முனையில் பச்சை பிடிக்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்தால் நல்லது. கரண்ட் போகும் நேரத்துக்கு மினி யுபிஎஸ் வைப்பவர்கள் ரவுட்டரை மட்டும் அதில் மாட்டிவிட்டு சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். இந்த விசயத்தில் வைஃபை மட்டும் உள்ள வீட்டுக்காரருக்கு ஒரு பெட்டியோடு கவலை தீர்ந்தது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. யாரிடமாவது ஒரு மீற்றர் கேபிள் வாங்கி, மடிக்கணினியை ரவுட்டரில் நேராகச் செருகி வேகம் பாருங்கள். பிறகு அதே மணி நேரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து வைஃபையில் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றானால் கேபிளோ புது ரவுட்டரோ எதையும் மாற்றாது, தடை வீட்டுக்கு வெளியே. அப்போது அந்தக் காசை டவர் பக்கம் திருப்பி வைக்கும் வெளி ஆன்டெனாவுக்கு ஒதுக்கலாம். அதையும் இடி வரும்போது உள்ளே நின்றபடியே கழற்ற முடிகிற மாதிரிப் பொருத்தச் சொல்லுங்கள்.