நான்கு ஆண்டுகளாக என் விமானத்தைப் பிடித்து நிற்கும் கிளிக்கோக்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில், கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஜெனித் சி.எச். 701 என்னும் இரண்டு இருக்கை விமானத்தை வரைபடத்தை வைத்துக் கட்டத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சுக்கானும் வால் பகுதியும் இடது இறக்கையும் முடிந்து, இப்போது வலது இறக்கையில் இருக்கிறேன். இத்தனை நாளில் நான் அதிகமாகக் கையில் எடுத்த கருவி கிளிக்கோ என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரிவெட் அடிக்கும் வரை தகடுகள் விலகாமல் பிடித்து வைக்கும், விரல் நீளமுள்ள பிடிப்பான் அது. அதற்குரிய இடுக்கியால் அழுத்தினால் நுனியிலுள்ள இரு கொக்கிகளும் நெருங்கித் துளைக்குள் நுழையும்; பிடியை விட்டதும் உள்ளிருக்கும் சுருள்வில் அவற்றைப் பின்னிழுத்து விரித்து, தகடுகளை ஒன்றோடொன்று இறுக்கிவிடும். செம்பு நிறத்தது 3.2 மி.மீ. ரிவெட் துளைக்கு, கறுப்பு 4 மி.மீ. துளைக்கு. இந்த விமானத்துக்கு இவ்விரண்டும் போதும்.

முதலில் நூறு மட்டும் வாங்கியது என் தவறு. இடது இறக்கையின் மேல்தகட்டில் சிக்கனம் பார்த்து ஐந்து துளைக்கு ஒன்று என்று மாட்டி, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கித் துளையிட்டுக்கொண்டு வந்தேன். மிக மெல்லிய 6061-டி6 அலுமினியத் தகடு என்பதால், ஒதுங்க இடமில்லாமல் நடுவில் புடைத்துக்கொண்டது. விரலால் அழுத்தினால் டப்பென்று அமுங்கி, எடுத்தால் மீண்டும் எழும்பியது. முழுத் தகட்டையும் கழித்துப் போட வேண்டியதாயிற்று. இப்போது 350 வைத்திருக்கிறேன். நடுவில் தொடங்கி வெளிப்புறமாகப் போகிறேன், ஒரு துளை போட்டதும் அதில் ஒரு கிளிக்கோ மாட்டிவிட்டே அடுத்ததற்கு நகர்கிறேன்.

விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா ஞாயிறுதோறும் வந்து, துளைகளின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். “பிசிறு இருக்கு மாப்ளே, எல்லாத்தையும் கழட்டு” என்பார். கழற்றி, இரு தகடுகளின் இடையிலும் சிக்கிய உலோகத் தூளைத் துடைத்து, பிசிறை நீக்கி, பிரைமர் பூசி, மீண்டும் அதே துளைகளில் அதே பொருத்தத்தில் மாட்ட முடிகிறதே, அதற்காகவே இந்தச் சிறு பொருளின் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

உழைப்பைப் பொறுத்தவரை, முதல் நூறில் பழுதானவை மூன்றே. விலை குறைவென்று பின்னர் ஒரு கடையில் வாங்கிய அறுபதில் பதினொன்றின் கொக்கிகள் ஓராண்டுக்குள் வளைந்துவிட்டன. வாங்கும்போதே இரண்டு துண்டுத் தகடுகளில் மாட்டி, கட்டைவிரல்களால் பிரித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வேண்டாம். பிரைமர் கொக்கிகளுக்கிடையே காய்ந்தாலும் பிடி தளர்ந்துவிடும் என்பதால், அன்றன்றே தின்னரில் கழுவி உலர்த்துகிறேன். எண்ணெய் மட்டும் விடுவதில்லை. அது தகட்டில் பட்ட இடத்தில் பிரைமர் ஒட்டாது.

சுக்கான் மட்டும் கட்டிப் பார்க்க நினைப்பவருக்கு 150 போதும். இறக்கைக்கு வரும்போது கறுப்பைவிடச் செம்பு நிறத்தையே கூடுதலாக வாங்குங்கள். இடுக்கி இரண்டாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வருபவரும் எதிர்ப்புறம் நின்று கழற்றலாம்.