ஆர்சி கார் கியருக்கு ஒரு லேத் பட்டறை: பரந்தனில் செய்வித்த வேலை

வன்னியில் ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் சின்ன மாதிரிக் கார், ஓட்டுகிறவர்களுக்குச் சாமான் எடுப்பதுதான் பெரிய தலையிடி. கிளிநொச்சியிலும் சரி வவுனியாவிலும் சரி, விளையாட்டுச் சாமான் கடைகளில் ரிமோட் கார் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். மோட்டர் அச்சில் பூட்டும் சின்னக் கியரான பினியன் ஒன்றைத் தனியாகக் கேட்டால் தலையைத்தான் ஆட்டுவார்கள். வெளியில் இருந்து எடுப்பித்தால், அது நம்முடைய காருக்குப் பொருந்துமா என்பது கையில் கிடைத்த பிறகுதான் தெரியும். இந்தச் சிக்கலில் இருப்பவர்களுக்காகத்தான், பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் ஏ-35 வீதியில் இருக்கும் ஒரு லேத் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றிரண்டு கழற்றியபடி கிடக்கும்.

என் கார் தமியா டீடீ-02. பத்தில் ஒன்று அளவு, நாலு சில்லுக்கும் இழுவை, நடுவால் ஒரு சாஃப்ட். கியர்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் எங்கள் புழுதிக்குத் தாக்குப்பிடிக்கிறது. நாமே பூட்டி எடுக்கும் கிட்டோடு வருவது 22 பல்லுப் பினியனும், அது சுழற்றும் பெரிய கியரான 70 பல்லு ஸ்பரும். உள்ளே இருக்கும் மற்றக் கியர்களின் விகிதம் 2.6 என்பதால் மொத்தம் 8.27 வரும், அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற மோட்டர் 8.27 சுற்றுச் சுற்றும். தார் வீதிக்கு அது நல்ல கணக்கு. நான் ஓட்டுவது சிறுபோகம் வெட்டிய வயலிலும், ஆவணி வெயிலில் வற்றிக் கிடக்கும் குளத்து அலைகரையிலும். மணலில் சில்லு இழுபட, மோட்டர் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதனால் 19 பல்லுக்கு இறங்க நினைத்தேன். விகிதம் 9.58 ஆகும், ஓட்டம் கொஞ்சம் குறையும், மோட்டர் பிழைக்கும்.

கனடாவில் இருந்து மச்சான் ஒரு பை நிறையப் பழைய பினியன் கொண்டுவந்து தந்திருந்தார். பாதிக்கு மேல் எந்த அடையாளமும் இல்லை. பட்டறை ஐயாவிடம் பையைக் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டது, “இது கொளுவப்போற பெரிய பல்லு எங்க தம்பி?” என்றுதான். ஸ்பரை எடுத்துக் கொடுத்தேன். மேசையில் ஒரு பழைய துணியை விரித்து, பினியன்களைக் கொட்டி, ஒவ்வொன்றாக வேர்ணியர் அளவுகோலில் பிடித்து வெளி விட்டம் எடுத்தார். பல்லை எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டி, விட்டத்தை அதால் பிரித்தார். அவ்வளவுதான், பல்லின் பருமனைச் சொல்லும் மொடியூல் கையில். 19 பல்லில் இரண்டு பினியன் இருந்தன. ஒன்று 12.6 மில்லிமீற்றர், 21 ஆல் பிரிக்க 0.6. தமியாவின் பழைய டீடீ-01 கிட்டில் வருகிற பினியன் மாதிரி அது. மற்றது 11.1 மில்லிமீற்றர், அதாவது 48 பிச்; பிச் என்பது அங்குலக் கணக்கில் பல்லின் பருமனைச் சொல்லும் அளவு. இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 48 பிச் என்பது மொடியூலில் ஏறத்தாழ 0.53. அதை 0.6 ஸ்பரோடு ஓட்டினால் ஸ்பரின் பல்லு மாவாகிவிடும். “உதைப் போடாதையுங்கோ” என்று அதைத் தனியாக எடுத்து வைத்தார். அளக்காமல் எதையும் வெட்டாத மனிதர் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் மோட்டரைப் பூட்டும் பிடி. இதுதான் முக்கியமான வேலை. கிட்டில் வரும் பிளாஸ்டிக் பிடியில் மோட்டரை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது. பல்லுக்களைக் கூட்டி, மொடியூலால் பெருக்கி, பாதியாக்கினால் இரண்டு கியரின் நடுவுக்கும் இடையிலான தூரம் வரும். 70உம் 22உம் என்றால் 27.6 மில்லிமீற்றர்; 70உம் 19உம் என்றால் 26.7. ஒரு பல்லுக் குறைந்தால் மோட்டர் 0.3 மில்லிமீற்றர் உள்ளே வரவேண்டும். ஐயா அலுமினியத் தகட்டில் நீள்துளை போட்டு ஒரு பிடி செய்து தந்தார். 540 மோட்டரின் துளைகள் 25 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும், 3 மில்லிமீற்றர் ஸ்க்ரூ. அலுமினியம் மோட்டர்ச் சூட்டையும் வெளியே இழுத்துவிடும்.

முதல் தகடு சரியாக வரவில்லை. வீட்டில் பினியன் பல்லுக்கு மார்க்கர் மை பூசி, காரைத் தூக்கிப் பிடித்துக் கையால் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். மை பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்தது. தகடு இம்மிக்குச் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். திருப்பிக் கொண்டுபோனதும் ஐயா மையைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, லேத்தில் பிடித்து முகத்தைத் திரும்பக் கடைந்து தந்தார். காசும் கேட்கவில்லை. இப்போது மை பல்லின் முழு அகலத்துக்கும் அழிகிறது. பத்திரிகைத் தாள் துண்டு ஒன்றை இரண்டு பல்லுக்கும் நடுவில் விட்டு இறுக்கி, தாளை உருவி எடுத்தால் இடைவெளியும் சரி.

ஸ்பரையும் உருக்கில் செய்து தரட்டா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் ஸ்பர் மலிவு. கல்லு இறுகினால் உடைய வேண்டியது அதுதான். உருக்கில் போட்டால் அந்த அடி டிஃபரன்சலுக்கும் சாஃப்டுக்கும் போகும். அவர் உடனே பிடித்துக்கொண்டார்: “ரோட்டவேற்றருக்குப் போடுற ஷியர் போல்ட் மாதிரி.” மெஷினைக் காப்பாற்றத் தானே முறியும் போல்ட் அது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்காவின் மகனுடைய ட்ரக்குக்கும் ஒரு வேலை செய்வித்தோம். அவனுடைய ஸ்பர் 32 பிச். கையில் இருந்த பினியன் மொடியூல் 0.8, துளை 5 மில்லிமீற்றர். மோட்டர் அச்சோ 3.175. 32 பிச் என்பது மொடியூலில் 0.794, இரண்டும் சேர்ந்து ஓடும். துளைக்குள் இறுக்கமாக ஒரு பித்தளைப் புஷ், அதாவது குழாய் மாதிரி ஒரு உறை, கடைந்து போட்டார். பூட்டு ஸ்க்ரூ நேரே மோட்டர் அச்சின் தட்டைப் பக்கத்தில் முட்டும்படி புஷ்ஷிலும் துளை விட்டார். அதை விடாவிட்டால் புஷ் வழுக்கும். சொல்லாமலே செய்தார், எனக்கு அது மிகவும் பிடித்தது.

அடித்தகடு விஷயத்தில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கிரவலில் சேசிஸ் உரசாமல் இருக்க 250க்கு 60 அளவில், 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு கேட்டேன். 60 கிராம் அளவில் நிற்கிறது, பரவாயில்லை. ஸ்க்ரூத் தலைகளை அமிழ்த்தியும் தந்தார். ஆனால் ஓரங்களை மழுக்காமல் விட்டுவிட்டார்; முன் ஓரம் புல்லில் கொழுவி இழுத்தது. அரத்தால் நானே வளைத்து ராவி எடுத்தேன். சொல்லிச் செய்வித்தால் செய்வார், சொல்லாவிட்டால் உழவு இயந்திரச் சாமானுக்குச் செய்வது போலத்தான் விடுவார். துளையிட்ட இடங்களில் அலுமினியச் சுருளும் இருக்கும். பூட்டுவதற்கு முன் பிரஷ்ஷால் நன்றாகத் தட்டுங்கள், ஒரு துணுக்கு கியர்ப் பெட்டிக்குள் போனாலும் சனியன்தான்.

பெயாரிங் அங்கே கிடைக்காது. டீடீ-02 கிட்டின் பிளாஸ்டிக் புஷ்களை மாற்ற வேண்டுமானால் 5க்கு 11க்கு 4 அளவு கொழும்பில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டும். புழுதி பட்டால் பிளாஸ்டிக் புஷ் கெதியாகத் தேயும், அதனால் அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மோட்டர் பிடிக்கு 1500 ரூபா, பித்தளைப் புஷ்ஷுக்கு 600, அடித்தகட்டுக்குத் தகட்டின் விலையோடு 2000 எடுத்தார். ஞாயிறு பூட்டு. மாசி, பங்குனி அறுவடைக் காலத்தில் போகவேண்டாம். வயல்காரரின் வேலை முடியும்வரை நம்முடையதைத் தொடமாட்டார், அது நியாயமும்கூட. போகும்போது பினியனை மட்டும் கொண்டுபோகாமல் ஸ்பர், மோட்டர், பழைய பிடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஐயா முதலில் கேட்பது பெரிய பல்லைத்தான்.