டெய்சி வீல் தட்டச்சுப் பொறியின் பிளாஸ்டிக் பாகங்கள்: இருபது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1980-களின் தொடக்கத்தில் வந்த மின்னணுத் தட்டச்சுப் பொறி ஒன்றைப் பழையதாக வாங்கி, ஆவணங்கள் அடிப்பதற்காக இருபது ஆண்டுகளாகச் சென்னையில் பயன்படுத்தி வருகிறேன். அதன் அசையும் பாகங்கள் பெரும்பாலும் நைலானாலும், 1960-இல் டூபான்ட் நிறுவனம் டெல்ரின் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த அசிட்டால் என்னும் பிளாஸ்டிக் வகையாலும் ஆனவை.

டெய்சி வீல் என்பது இதழ்நுனிகளில் எழுத்துகளைத் தாங்கிய, டெய்சிப் பூப் போன்ற எழுத்துச் சக்கரம்; அதில் 96 இதழ்கள் உள்ளன. ஒவ்வோர் எழுத்துக்கும் அது சுழன்று நின்றாக வேண்டும் என்பதால், எடை குறைவான பிளாஸ்டிக்கை விட்டால் அந்த வேகம் கிடைத்திருக்காது. இதுவரை இரண்டு இதழ்கள் முறிந்தன. ஒன்று, இடைவிடாமல் வளைந்து நிமிர்ந்ததால் அடிப்பகுதியில் ஒடிந்தது. மற்றொன்றை, சக்கரத்தை மாற்றும்போது நானே ஒடித்தேன். முற்றுப்புள்ளியின் இதழ் மட்டும் புதிது போலவே இருக்கிறது. காகிதம் துளைபடாதிருக்கப் பொறி அதை மெதுவாகவே தட்டுகிறது.

உண்மையான தொல்லை தந்தது மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கின; சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்ற ஓசையும் கேட்டது. கழற்றிப் பார்த்தால், இரண்டு பற்களுக்கு இடையில் மயிரிழை போன்ற விரிசல். உலோகத் தண்டின்மேல் இறுக்கி ஏற்றப்பட்ட பிளாஸ்டிக் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது சற்றே சுருங்கவும் செய்வதால், தடிப்பு மிகக் குறைந்த பல்லடியில் பிளந்துவிடுகிறது. ஆகவே குறை பிளாஸ்டிக்கில் இல்லை, அதைப் பொருத்திய முறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. உடனடிப் பசை அசிட்டாலின் வழுவழுப்பில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கடைசியில், பற்சக்கரம் வெட்டும் பட்டறையில் அசிட்டால் கம்பியிலிருந்து புதியது செய்வித்து, துளையைத் தளர்வாக விட்டு, சிறு திருகாணியால் தண்டோடு பிணைத்தேன். ஒன்பது ஆண்டுகளாகச் சிக்கல் இல்லை.

இவ்வூர் ஈரக்காற்றுக்கு அசிட்டாலே ஏற்றது. நைலான் 66 சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ 2.5 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். காகிதம் நகர்த்தும் நைலான் பற்சக்கரம் மழை மாதங்களில் சற்று இறுக்கமாகச் சுழல்வதற்கு அதுவே காரணம் என நினைக்கிறேன். ஆனால் ஓசையின்மையில் நைலானுக்கு ஈடில்லை. தொடக்கத்தில் நான் தாராளமாகத் தடவிய கிரீஸ் தூசியைப் பிடித்து அரைக்கும் களிம்பாகிவிட்டதால் முழுவதும் துடைத்தெடுத்தேன். ரிப்பனை நகர்த்தும் நைலான் பற்சக்கரம் அதன் பிறகு ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல், பல்நுனிகள் மட்டும் பளபளக்க, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.